சீடராதலும் பங்கு வாழ்வும்



கத்தோலிக்கக் குடும்பங்களில் 'தேவ அழைத்தல்' என்றொரு வழக்கு உண்டு. ஓர் இளைஞன் குருமடத்திற்குச் சென்றாலும், ஒரு பெண் கன்னியர் மடத்தில் சேர்ந்தாலும், தேவ அழைத்தல் கிடைத்துவிட்டது என்று ஊரார் சொல்லிக்கொள்வர். அப்படியாயின் மற்றவர் நிலை யாது? உழவரும், மீனவரும், ஆசிரியரும், வீட்டைப் பேணும் தாய்மாரும் அழைக்கப்படாதவர்கள்தாமா? ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்று திரும்புவதோடு அவர்கள் கடமை முடிந்துவிடுகிறதா? இவ்வினாவைக் குறித்துச் சிறிது சிந்திக்க விரும்புகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் சான்றுகள் ஒரு சமயத்தாரின் வாழ்விலிருந்து வருவன. ஆனால், ஓர் அழைப்புக்குச் செவிசாய்ப்பது என்றால் என்ன என்பது எல்லோருக்கும் உரிய வினாவே.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நற்செய்தி நூல்கள் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. இயேசுவைப் பின்பற்றியோரைக் குறிக்க அவை ஆளும் சொல்லுக்குக் 'கற்பவர்' என்பதே பொருள். அவரைத்தான் நாம் 'சீடர்' என்கிறோம். எனவே சீடரும் மாணவரும் ஒருவருக்கொருவர் அயலார் அல்லர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மாணாக்கன் ஆசிரியரை நாடிச் செல்வதே உலக வழக்கம். நற்செய்தியிலோ ஆசிரியரே மாணாக்கரை நாடி வருகிறார். கலிலேயாக் கடலில் வலை வீசிக்கொண்டிருந்த சீமோனும் அந்திரேயாவும் அங்கேயே அழைக்கப்பட்டனர். சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்த மத்தேயு அங்கேயே அழைக்கப்பட்டார். இம்மூவரையும் அழைப்பு தேடி வந்த இடம் கோயில் அன்று. அவர்கள் நாள்தோறும் உழைத்த இடம்.

இவர்கள் தொழிலை விட்டுச் சென்றார்கள். ஆனால் எல்லோரிடமும் அவ்வாறு கேட்கப்படவில்லை. கெரசேனர் நாட்டில் பேய் நீங்கிக் குணம்பெற்ற ஒருவன், தானும் உடன் வருவதாக இயேசுவை வேண்டுகிறான். இயேசு அதற்கு இசையவில்லை. வீட்டுக்குத் திரும்பி, தன் உறவினரிடம் நடந்ததைச் சொல்லும்படி அவனை அனுப்பிவிடுகிறார். மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இச்செய்தி உள்ளது. வலையை விட்டுப் புறப்படுவதும் அழைப்பே. வீட்டுக்குத் திரும்புவதும் அழைப்பே. பங்கு வாழ்விலே பெரும்பாலோர்க்கு வருவது இந்த இரண்டாம் வகை அழைப்பாகும்.

பங்கு என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்க மக்களின் கூட்டம். தமிழில் 'பங்கு பெறுதல்', 'பங்கு கொடுத்தல்' என இரண்டும் சொல்கிறோம். பெறுவதற்குப் பலர் வருவர். கொடுப்பதற்கு யார் வருகிறார் என்பதில்தான் சீடத்துவம் விளங்கும். இதற்கு நம் நாட்டு வரலாற்றிலிருந்தே சான்று காட்டலாம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். அவர் சிற்றூர் சிற்றூராக மணியடித்துச் சென்று சிறுவரைக் கூட்டினார். மன்றாட்டுகளைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். அச்சிறுவர் வீட்டுக்குச் சென்று பெற்றோருக்குக் கற்பித்தனர். ஆனால் ஓர் ஊரில் நெடுங்காலம் தங்க அவரால் இயலவில்லை. அவர் போனபின் யார் மக்களைக் கூட்டுவது? யார் மன்றாட்டுச் சொல்வது? சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு யார் ஞானஸ்நானம் கொடுப்பது? இதற்காக அவர் ஊர்களில் பொதுமக்களிலிருந்தே ஆட்களை நியமித்தார். அவர்களுக்குக் 'கணக்கப்பிள்ளை' என்று பெயர். பிற்காலத்தில் நம் ஊர்களில் 'உபதேசியார்' எனப் பெயர் பெற்றவர்களின் முன்னோடிகள் இவர்களே. சவேரியாரின் பெயரை உலகம் அறியும். அக்கணக்கப்பிள்ளைமாரின் பெயரை அறிவோர் மிகச் சிலர். ஆயினும் குருவானவர் வாராத நாள்களில் அக்கடற்கரையின் சமய வாழ்வு நின்றது அவர்கள் தோளின்மீதுதான்.

அடுத்து, திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம் என்னும் பங்குக்கு வருவோம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அலுவலராக இருந்தவர் நட்டாலத்து நீலகண்டன். குளச்சல் போரில் 1741-ஆம் ஆண்டு சிறைப்பட்டு, பின் மன்னரின் படைத்தலைவரான டிலனாய் என்னும் டச்சு வீரரின் நட்பால் அவர் கிறிஸ்துவைப் பற்றி அறிந்தார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர், மணம் புரிந்த இல்லறத்தார். எளிய மக்களோடு சாதி வேறுபாடு பாராமல் பழகியதும் அவர்மீது பகை மூளக் காரணமாயிற்று. 1749-இல் சிறைப்பிடிக்கப்பட்டு, மூன்றாண்டு வதைக்குப் பின், 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

இதே வடக்கன்குளத்தின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே எழுப்பப்பெற்ற கோயில் இரு கைகளாகப் பிரிந்து, பீடத்தருகே ஒன்றுகூடும் அமைப்புடையது. ஒரு கையில் ஒரு சாதியார், மறு கையில் மற்றச் சாதியார், நடுவே சுவர். பீடம் ஒன்று, பூசை ஒன்று, மன்றாட்டும் ஒன்று; ஆனால் மன்றாடுவோர் ஒருவரையொருவர் காண இயலாது. 1910-ஆம் ஆண்டில் அப்பிரிவினை அகற்றப்பட்டது. தமக்குரிய தனியிடம் பறிபோயிற்று என்று ஒரு சாரார் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பெயரால் கோயிலில் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இவ்விரு செய்திகளையும் நான் வேண்டுமென்றே அருகருகே வைக்கிறேன். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே பங்கின் மக்கள், அவரைப் பெருமையோடு நினைத்துக்கொண்டே, சுவரின் இருபுறமும் மண்டியிட்டிருக்க முடிந்தது. கோயிலுக்குத் தவறாமல் வருதல் வேறு, சீடராதல் வேறு. சீடராக அழைக்கப்படுபவனிடம் முதலில் கேட்கப்படுவது அவனுடைய நேரமோ பணமோ அன்று. யாரோடு நான் சேர்ந்து உட்காரமாட்டேன் என்று அவன் எண்ணியிருக்கிறானோ, அவரோடு உட்காரும்படியே அவன் கேட்கப்படுகிறான். இச்சிக்கல் கல்லாலான ஒரு சுவரோடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கல்லறைத் தோட்டத்திலும் திருவிழாத் தேரோட்டத்திலும் சாதி பார்க்கும் வழக்கம் இன்றும் தமிழகப் பங்குகள் சிலவற்றில் வழக்குகளுக்கும் வருத்தத்திற்கும் காரணமாக இருந்துவருகிறது.

இனி உங்கள் வயதினர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பிரடெரிக் ஓசானாம் பாரிஸ் நகரில் சட்டம் பயின்ற மாணவர். அவரும் நண்பர்களும் மாணவர் மன்றமொன்றில் சமயத்தின் பெருமையைப் பேசிவந்தனர். பழம்பெருமை இருக்கட்டும், இன்று நீங்கள் ஏழைகளுக்குச் செய்வது என்ன என்று எதிர்த்தரப்பார் கேட்டனர். ஓசானாம் அவ்வினாவைப் பகையாகக் கொள்ளவில்லை, அழைப்பாகவே கொண்டார். 1833-ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதில், நண்பர் சிலரோடு ஏழைகளின் இல்லங்களுக்கு நேரில் செல்லத் தொடங்கினார். இவ்வாறு பிறந்ததே வின்சென்ட் தே பவுல் சபை. இன்று உலகின் பல நாடுகளிலும், நம் பங்குகள் பலவற்றிலும் அது இயங்குகிறது. அச்சபையின் முறை எளியது. உதவி தேடி வருவோரை வாசலில் நிறுத்தாமல், உறுப்பினரே அவர்கள் வீட்டுக்குச் செல்கின்றனர். அழைப்பு எப்போதும் இனிய குரலில் வருவதில்லை; நம்மை மறுப்பவர் வாயிலிருந்தும் வரலாம் என்பதற்கு ஓசானாம் சான்று.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. தூய வாழ்வுக்கான அழைப்பு குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டும் உரியதன்று, ஞானஸ்நானம் பெற்ற அனைவருக்கும் உரியது என்று 1964-ஆம் ஆண்டின் திருச்சபை பற்றிய ஏட்டில் அச்சங்கம் தெளிவுபடுத்தியது. மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினரின் பணியைத் திருச்சபையின் முறையான பணிநிலையாக நிறுவித் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் மடல் வெளியிட்டார். கடற்கரைக் கணக்கப்பிள்ளைமார் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்துவந்தது இத்தகைய பணியே.

இன்று ஒரு பங்கில் இவ்வழைப்பு எவ்வுருவில் வருகிறது? நான் கண்ட அளவில், பெரும்பாலும் ஒரு சிறு வேண்டுகோளாகவே வருகிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறுவருக்குக் கற்பிக்க ஆள் இல்லை. வருகிறாயா என்று கேட்பார்கள். பங்கின் நிதிக்குழுவில் வரவு செலவை ஒளிவின்றி எழுத ஒருவர் தேவை. அண்டையிலுள்ள குடும்பங்கள் கூடும் அன்பியத்தில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவரின் பெயரை யாரேனும் சொல்வர். அவரைப் போய்ப் பார்ப்பவர் யார் என்று எல்லோரும் ஒருவரையொருவர் நோக்குவர். தேவை ஒன்று கண்முன் நிற்கிறது. அதைச் செய்யும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறது. ஒருவர் வாய்திறந்து கேட்கவும் செய்கிறார். இம்மூன்றும் கூடும்போது, வேறோர் அடையாளத்திற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பங்கில் பதவி வேறு, பணி வேறு. பேரவைத் தேர்தலில் வெல்வதையும், திருவிழாவில் முன்னிற்பதையும் சீடத்துவம் என்று கொண்டால், சுவரை இடித்தபின் மேடை கட்டியதாக முடியும். பாராட்டுவோர் இல்லாத மூன்றாம் ஆண்டிலும் ஒருவர் அதே வகுப்புக்கு வருகிறாரா, தம்மினும் எளியவர் தலைமையில் பணிசெய்ய இசைகிறாரா என்பவையே உரைகற்கள்.

மாணவர்களே, உங்களுள் பலர் வேறு சமயத்தினராகவோ, சமயத்தில் பற்றில்லாதவராகவோ இருக்கலாம். உங்கள் விடுதியிலும் வகுப்பிலும் தெருவிலும் இதே வினா வேறு உருவில் எழும். யாரோடு உட்காரத் தயங்குகிறீர்கள், யாருடைய வீட்டுக்கு இதுவரை சென்றதில்லை என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்ததும், வரும் வாரத்திலேயே அங்கே செல்லுங்கள்.