கெலமங்கலத்து மதிய வெயிலில் ஓசோன்: கணிப்பை நம்புமுன் கேட்க வேண்டியவை

கைப்பேசியில் கெலமங்கலம் என்று தட்டினால் காற்றுத்தரம் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. பெரும்பாலும் அது கணினி மாதிரி போட்ட கணக்கு. எங்கே, எந்த நேரத்து அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த கணக்கு என்று கேட்காமல் அதை நம்பக் கூடாது. ஓசோன் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்.

ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. லாரி, ஜெனரேட்டர் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெயின்ட், தின்னர் ஆவிகளும் வெயிலில் வினைபுரியும்போது அது உருவாகிறது. நெடுஞ்சாலையோரம் புதுப்புகையே ஓசோனைத் தின்றுவிடும். காற்று போகும் திசையில் தள்ளியிருக்கும் வயல்வெளியில்தான் அது கூடும். ஆகவே ஓசூர் சிப்காட் கண்காணிப்பு நிலையத்தின் அளவை அப்படியே கெலமங்கலத்துக்குப் பொருத்த முடியாது.

ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உலகக் கணிப்பில் ஒரு கட்டம் சுமார் 40 கி.மீ. அகலம். ஓசூர் ஆலைகளும் அத்திப்பள்ளி நெரிசலும் கெலமங்கலத்து ரோஜாக் குடில்களும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடலாம். இன்னொரு சிக்கல், சராசரி. இரவு ஓசோனைக் கூட்டிச் சொல்வது இத்தகைய மாதிரிகளில் அடிக்கடி காணும் பிழை. அதே கணினி மாதிரி மதிய உச்சத்தைக் குறைத்துச் சொன்னால், கூடுதலும் குறைவும் கழிந்து மாதச் சராசரி அழகாகப் பொருந்திவிடும். நமக்கு மூச்சு முட்டுவதோ பிற்பகலில். மணிவாரியான ஒப்பீட்டைக் காட்டாத எந்தச் சான்றும் போதாது.

2009 தேசியத் தரப்படி ஓசோனுக்கான எட்டு மணி நேரச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. ஓசோன் வாயு என்பதால் தூசி முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் உச்சத்தில் வெளியே கடும் வேலையைத் தவிர்ப்பதே வழி. பயிருக்கும் அடி விழும். பீன்ஸ் இலையின் மேற்பக்கம், நரம்புகளுக்கிடையே பொடிப்பொடியாகச் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி என்று மருந்தடிக்குமுன் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் நிலைய அளவீடுகளை எவரும் இலவசமாக எடுக்கலாம். அங்கே இல்லாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு வாரியத்திடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். புதிய ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால் தமிழ்ச் சுருக்க அறிக்கையை வாங்கிப் படியுங்கள். அதில் காற்றுக் கணிப்புக்குப் பெரும்பாலும் ஏர்மாட் மாதிரியைப் பயன்படுத்தியிருப்பார்கள். ஆலை விடும் தூசியும் வாயுவும் எப்படிப் பரவும் என்று அது சொல்லும். வெயிலில் எவ்வளவு ஓசோன் உருவாகும் என்று சொல்லாது. ஓசோன் எவ்வளவு உருவாகும் என்ற கேள்வியை எழுத்தில் கொடுத்துக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.

புகை கர்நாடக எல்லை தாண்டி வருகிறதே, யாரிடம் போவது என்று தயங்க வேண்டாம். வாரியங்கள் இரண்டானாலும் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டுக்கும் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வே பொறுப்பு. சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீட்டுக்கு ஐந்தாண்டுக்குள்ளும் மனு செய்ய வேண்டும். அதனால் மூச்சுத்திணறல் வந்த நாள், நேரம், மருத்துவச் சீட்டு, இலையின் படம் ஆகியவற்றை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.