பூஜ்யத்துக்குக் கீழே போகுமா, போகாதா?

'மிகச் சிறிய ஹோல் நம்பர் எது? மிகச் சிறிய இன்டிஜர் எது?' ஆப்டிட்யூட் டெஸ்ட்டில் இந்த ரெண்டு கேள்வியும் அடுத்தடுத்து வந்தா என்ன பண்ணுவீங்க? ரெண்டுக்குமே பூஜ்யத்தை டிக் அடிக்கிற ஆளா நீங்க? அப்ப ஒரு மார்க் அவுட் பாஸ்!

தமிழ் மீடியத்தில் படிச்சவங்களுக்குக் குழப்பம் இன்னும் ஜாஸ்தி. ஹோல் நம்பருக்கு அங்கே பேர் 'முழு எண்கள்'. இன்டிஜருக்கு 'முழுக்கள்'. பேர்தான் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி, குணம் வேற.

0, 1, 2, 3... இதெல்லாம் முழு எண்கள். பூஜ்யத்தில் ஆரம்பிச்சு மேலே மட்டும்தான் போகும். இதோட -1, -2, -3 என்று கீழேயும் முடிவில்லாமல் சேர்த்துக்கிட்டா, அது முழுக்கள். மிகச் சிறிய முழு எண் 0. மிகச் சிறிய இன்டிஜர்? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. எதைச் சொன்னாலும் அதுக்குக் கீழே இன்னொண்ணு இருக்கும்.

'மைனஸ் எதுக்குங்க?' என்கிறீர்களா? பாக்கெட்டில் 30 ரூபாய், கேன்டீன் பில் 50. 'முப்பதில் ஐம்பது போகாது' என்று முழு எண்கள் கையை விரிச்சிடும். முழுக்களோ, -20 என்று விடை சொல்லும். அதாவது, பக்கத்து சீட் நண்பனிடம் 20 ரூபாய் கடன்! கி.பி. 628-லேயே மிகை எண்களைத் 'தனம்' என்றும், குறை எண்களை 'ருணம்' என்றும் சொல்லி விதிகளை எழுதி வெச்சிட்டார் பிரம்மகுப்தர். ருணம்னா கடன்தான்.

இந்த வித்தியாசம் கம்ப்யூட்டர் லேபிலும் காலை வாரும். சி லாங்குவேஜில் 'அன்சைன்ட் இன்ட்' முழு எண் ஜாதி, அதுக்கு மைனஸ் தெரியாது. வெறும் 'இன்ட்'டுக்குத் தெரியும். அன்சைன்ட் வேரியபிள் ஒண்ணை 10-ல் இருந்து ஒவ்வொண்ணாக் குறைச்சு, 'பூஜ்யமோ, அதுக்கு மேலேயோ இருக்கும்வரை ஓடு' என்று லூப் எழுதிப் பாருங்க. நிக்கவே நிக்காது! 0-ல் ஒண்ணைக் கழிச்சா -1 வராது. 32 பிட் என்றால் 4294967295 வந்து நிக்கும். அது பூஜ்யத்தைவிடப் பெருசாச்சே... லூப் மறுபடி ஓட ஆரம்பிச்சிடும். இன்டர்வியூவில் 'இந்த ப்ரோகிராமில் என்ன தப்பு?' என்று கேட்க, இதைவிடத் தோதான கேள்வி வேணுமா?

அதனால், வேரியபிளை டிக்ளேர் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: 'இது பூஜ்யத்துக்குக் கீழே போகுமா?' க்ளாஸில் எத்தனை பேர் என்பது போகாது. பேங்க் கணக்கு, கொடைக்கானல் குளிர், ஃபுட்பால் கோல் வித்தியாசம்... எல்லாம் போகும். ஆனா, இன்னிக்கு வந்தவங்களில் இருந்து நேத்து வந்தவங்களைக் கழிச்சா? தலைகளை எண்ண முழு எண் போதும். கூடுச்சா குறைஞ்சுச்சான்னு சொல்ல, முழுக்கள்தான் வேணும்!