ஜன்னல் கைப்பிடி ஆடுதா? ஐப்பசி மழைக்கு முன்னாடியே மாத்திடுங்க!

ஒரத்தநாடு:

வீட்டில் டி.வி. ரிப்பேர் என்றால் அன்றைக்கே ஆள் தேடுகிறோம். மோட்டார் ஓடாவிட்டால் அந்த நிமிடமே போன் போடுகிறோம். ஆனால் ஜன்னல் கைப்பிடி உடைந்தால் யாரும் பதறுவது இல்லை. கிடக்கிற சணலை எடுத்து கம்பியோடு சேர்த்து ஒரு முடிச்சு. "மழை முடியட்டும், ஆசாரியை கூப்பிட்டுக்கலாம்" என்று ஒரு சமாதானம். அந்த முடிச்சு அடுத்த ஐப்பசி வரைக்கும் அப்படியே தொங்கிக்கொண்டு இருக்கும்.

மற்ற ஊர்க்காரர்கள் எப்படியோ போகட்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் இதை இப்படி விடலாமா? அதுவும் கஜாவை பார்த்த பிறகு?

கஜா சொல்லிக்கொடுத்த பாடம்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் காற்று. "நமக்கு என்ன, கடல் ரொம்ப தூரம்" என்று இருந்த உள்ளூர் ஜனங்களையும் அது விடவில்லை. ஒரத்தநாடு வட்டாரம் வரை புகுந்து, பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகளை வரிசையாக சாய்த்துப் போட்டது. ஓட்டு வீட்டில் ஓடு பறந்தது. ஷீட் போட்ட வீட்டில் ஷீட் பறந்தது. கரண்ட் வர நாள் கணக்கில் காத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த ராத்திரி பல வீட்டில் முதலில் கேட்ட சத்தம் "டமார் டமார்" என்று ஜன்னல் அடித்துக்கொண்ட சத்தம்தான்.

ஒரு சின்ன கைப்பிடிக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அது தள்ளுகிற பாரம் நாலு மடங்கு ஆகும். ஒன்றரை அடி அகலம், மூன்றரை அடி உயரம் உள்ள ஒரு ஜன்னல் கதவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. காற்று நேராக அடித்தால் அந்த கதவின் மேல் விழும் பாரம் சுமார் 6 கிலோ. 100 கி.மீ. ஆனால் 12 கிலோ என்று நினைக்காதீர்கள், 23 கிலோ! 120 கி.மீ.யில் 33 கிலோ. அதாவது ஒரு சிப்பம் அரிசிக்கும் மேலே. இத்தனையும் ஆடிக்கொண்டு இருக்கிற இரண்டு ஸ்குரூவை நம்பி நிற்கிறது.

நம்ம ஊர் ஜன்னல் கதவு பெரும்பாலும் வெளிப்பக்கம் திறப்பது. எதிர்க்காற்று அதை நிலையோடு சேர்த்து அமுக்கும். அது சரி. ஆனால் பக்கத்து சுவரிலும் பின் சுவரிலும் காற்று தள்ளாது, உறிஞ்சி வெளியே இழுக்கும். கைப்பிடி ஆடி, விரல் நுழையும் அளவுக்கு சந்து இருந்தால் போதும், கதவு திறந்து அடித்துக்கொள்ளும். கண்ணாடி நொறுங்கும். கீல் பிய்யும். புயலின் கண் நம்ம ஊருக்கு மேலே போனால் கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் எதிர்த்திசையில் இருந்து காற்று அடிக்கும். அப்போது அந்த திறந்த ஓட்டை வழியாக காற்று வீட்டுக்குள்ளே வந்து கூரையை கீழே இருந்து தூக்கும். மேலே ஓடும் காற்று அதே கூரையை இழுக்கும். கீழே தள்ளல், மேலே இழுப்பு. ஓடும் ஷீட்டும் எப்படி தாங்கும்?

"ஜன்னலை திறந்து விட்டா காத்து வந்துட்டு போயிடும், வீடு தப்பிச்சிடும்" என்று சில பெரியவர்கள் சொல்வது உண்டு. காற்று அடிக்கிற பக்கத்து ஜன்னலுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

குற்றவாளி யார்?

கடைக்கு ஓடும் முன் ஒரு விஷயம். கைப்பிடி உடைந்தது என்றால் கைப்பிடிதான் குற்றவாளி என்று அர்த்தம் இல்லை. கதவை திறந்து லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். "லொடக்" என்று ஆடினால் கீல் தேய்ந்து கதவு இறங்கிவிட்டது. இறங்கிய கதவை இழுத்து இழுத்து மூடித்தான் கைப்பிடி போயிருக்கும். கீலை சரி பண்ணாமல் புது கைப்பிடி போட்டால், அதுவும் ஆறு மாதத்தில் கையோடு வந்துவிடும்.

இன்னொன்று, மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பிக்கொள்ளும். கதவு இறுகும். உடனே இழைப்புளி போட்டு சீவி விடுகிறோம். சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியதும் பார்த்தால் ஒரு விரல் சந்து! சீவுவது என்றால் வெயில் காலத்தில் பார்த்து, கொஞ்சமாக சீவ வேண்டும். சீவிய இடத்தில் பெயிண்ட் அடிக்க மறக்கக்கூடாது. அடிக்காவிட்டால் அந்த இடம்தான் முதலில் தண்ணீர் குடிக்கும்.

மர ஜன்னலா? நீங்களே மாட்டலாம்

மாடி ஜன்னல் என்றால் முதலில் கதவை கம்பியோடு கட்டிவிட்டு அப்புறம் கழற்றுங்கள். கைப்பிடியை கழற்றியதும் கதவு காற்றில் வெளியே போய்விட்டால் எட்டிப் பிடிக்க முடியாது.

ஸ்குரூ துருப்பிடித்து அசையாவிட்டால் திருப்புளியை போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். தலை மழுங்கிவிடும். இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, காபி குடித்துவிட்டு வாருங்கள். பிறகு திருப்புளியை வைத்து பின்பக்கம் சுத்தியால் லேசாக ரெண்டு தட்டு. பெரும்பாலும் இளகிவிடும். தலை ஏற்கனவே மழுங்கி இருந்தால் ஆக்சா பிளேடால் குறுக்கே புதிதாக ஒரு கோடு அறுத்துக்கொள்ளலாம்.

இனிதான் முக்கியமான கட்டம். பழைய ஓட்டை பெரிதாகி இருக்கும். அதே ஓட்டையில் புது ஸ்குரூவை போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மூங்கில் குச்சியோ, மருந்து இல்லாத தீக்குச்சியோ எடுத்து பெவிக்கால் தடவி, ஓட்டை நிறைய அடித்து இறக்குங்கள். மேலே நீட்டுவதை பிளேடால் நறுக்கிவிட்டு ஒரு ராத்திரி காய விடுங்கள். மறுநாள் மெல்லிய ஆணியால் நடுவில் சின்ன ஓட்டை போட்டு ஸ்குரூவை ஏற்றினால் மரத்தை கவ்விப் பிடிக்கும். ஸ்குரூவில் கொஞ்சம் சோப்பு தேய்த்தால் சுலபமாக இறங்கும். மரம் உளுத்துப் போயிருந்தால் இந்த வித்தை பலிக்காது. கைப்பிடியை நல்ல மரம் உள்ள இடத்துக்கு ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ மாற்றிப் போடுங்கள்.

காற்று நேராக அடிக்கிற பக்கம் என்றால் ஸ்குரூவை விட நட்டு போல்ட்டு நல்லது. உருண்டைத்தலை வெளிப்பக்கம், வாசரும் நட்டும் உள்பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். மாற்றிப் போட்டால், ராத்திரி வருகிற "விருந்தாளி" வெளியே நின்றே கழற்றிவிடுவான்.

கைப்பிடி மட்டும் போதாது. மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும். தாழ்ப்பாள் கம்பி நிலையில் உள்ள ஓட்டைக்குள் அரை அங்குலமாவது இறங்குகிறதா என்று பாருங்கள். பல வீட்டில் நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், பார்க்க பூட்டிய மாதிரி இருக்கும்.

இரும்பு ஜன்னல், அலுமினிய ஜன்னல்

பழைய ஒட்டு வீடுகளிலும் தொகுப்பு வீடுகளிலும் இரும்பு ஜன்னல் உண்டு. இதில் கைப்பிடியின் மூக்கு, சட்டத்தில் உள்ள தகட்டில் போய் மாட்டும். மூக்கு தேய்ந்தால் பிடிப்பு போய்விடும். இதில் வலது பக்கம், இடது பக்கம் என்று இரண்டு வகை இருக்கிறது. தெரியாமல் வாங்கி வந்தால் தலைகீழாக நிற்கும். பழசை கையோடு கடைக்கு எடுத்துப் போவதே உத்தமம். ரிவெட் அடித்து இருந்தால் வீட்டில் முயற்சிக்க வேண்டாம், வெல்டிங் பட்டறைக்காரருக்கு பத்து நிமிட வேலை.

தள்ளுகிற அலுமினிய ஜன்னலில் கொண்டி மாட்டவில்லை என்றால் முதலில் அடியில் உள்ள சக்கரத்தை பாருங்கள். அது தேய்ந்து கதவு இறங்கி இருக்கும். தண்டவாளத்தில் மண் அடைத்து இருந்தாலும் இதே கதைதான். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

புதிதாக வந்துள்ள யு.பி.வி.சி. ஜன்னலில் கைப்பிடிக்கு பின்னால் ஒரு சதுரக் கம்பி இருக்கும். பெரும்பாலும் 7 மில்லி மீட்டர் கனம், ஸ்குரூ ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையே 43 மில்லி மீட்டர். ஆனால் கம்பியின் நீளம் ஒவ்வொன்றிலும் வேறு. அளக்காமல் வாங்காதீர்கள்.

கடையில் என்ன கேட்பது?

ஸ்குரூ ஓட்டையின் நடுவில் இருந்து அடுத்த ஓட்டையின் நடு வரைக்கும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அளவு சரியாக இருந்தால் பழைய ஓட்டையே உதவும். தாழ்ப்பாளுக்கு ஐ.எஸ். 204 என்று ஒரு தர எண் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். முலாம் பூசிய மெல்லிய தகரக் கைப்பிடி கடையில் தங்கம் மாதிரி மின்னும், இரண்டு மழைக்கு அப்புறம் பல்லைக் காட்டும். பித்தளை அல்லது எவர்சில்வர் ஸ்குரூ நாலு காசு அதிகம்தான். அடுத்த தடவை கழற்றும்போது அதன் அருமை தெரியும்.

புயல் வந்துவிட்டது, மாற்ற நேரம் இல்லையா?

கைப்பிடியை நம்பாமல் கதவின் சட்டத்திலேயே நல்ல தேங்காய்நார் கயிறை சுற்றி, ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டுங்கள். ஒரு இடத்தில் போதாது, மேலேயும் கீழேயும் கட்ட வேண்டும். கண்ணாடியில் டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாது என்று நம்ப வேண்டாம். ஜன்னலுக்கு நேராக குழந்தைகளை படுக்க வைக்காதீர்கள். காற்று வேகம் எடுத்த பிறகு கதவை பிடிக்கிறேன் என்று யாரும் வெளியே போகக்கூடாது, ஓடும் ஷீட்டும் பறக்கிற நேரம் அது. அவசர உதவிக்கு மாவட்ட கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில கட்டுப்பாட்டு அறை எண் 1070.