சாம்பா: ஓர் உரைக்கோப்பில் அடங்கும் பகிர்வு

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். அதே முறையில் லினக்ஸ் கணினியையும் பேசவைப்பது சாம்பா. கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991 இறுதியில் இதன் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கினார். கையில் விதிமுறை ஆவணம் ஏதுமில்லை. கம்பியில் ஓடிய தரவுப் பொட்டலங்களைப் பார்த்துப் பார்த்தே முறையைக் கண்டுபிடித்தார். இன்றும் அது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்.

சாம்பாவுக்கான அமைப்புகள் எல்லாம் எஸ்எம்பி.கான்ஃப் என்ற உரைக்கோப்பில் இருக்கின்றன. சதுர அடைப்புக்குள் பகிர்வின் பெயர். அதன் கீழே கோப்புறை இருக்கும் இடத்தைச் சொல்லும் 'பாத்', எழுத விடலாமா என்று சொல்லும் 'ரீட் ஒன்லி', யார் யார் வரலாம் என்று சொல்லும் 'வேலிட் யூசர்ஸ்'. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பகிர்வு படிக்க மட்டுமே திறக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் 'வேலிட் யூசர்ஸ்' வரியை எழுதாவிட்டால், கணக்குள்ள எவரும் நுழையலாம்.

ஆபத்து இங்கேதான். 'வேலிட் யூசர்ஸ்' என்ற சொற்களில் ஓர் எழுத்து பிழையானாலும் சாம்பா சர்வர் நிற்காது. புரியாத வரியைத் தள்ளிவிட்டு ஓடத் தொடங்கிவிடும். பூட்டியதாக நாம் நம்பும் பகிர்வு திறந்தே கிடக்கும். அதனால் சர்வரைத் தொடங்கும் முன் 'டெஸ்ட்பார்ம்' கட்டளையை ஓட்டிவிட வேண்டும். எந்த வரி புரியவில்லை என்று அது காட்டிக்கொடுக்கும். ஒரு நொடி வேலை, தவிர்க்கவே கூடாது.

அடுத்தது கணக்கு. லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் பயனருக்கு 'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி' கட்டளையால் தனிக் கடவுச்சொல் தர வேண்டும். சாம்பா அனுமதித்தாலும் கோப்புறையின் லினக்ஸ் அனுமதி தடுத்தால் எழுத முடியாது. புதியவர்கள் அதிகம் திணறுவது இதில்தான்: எஸ்எம்பி.கான்ஃப் கோப்பையே திரும்பத் திரும்பத் திருத்துவார்கள், கோளாறு கோப்புறையில் இருக்கும்.

பிறகு உபுண்டுவிலோ டெபியனிலோ 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் எஸ்எம்பிடி' என்றால் போதும், சர்வர் 445ஆம் வாயிலில் (போர்ட்) காத்திருக்கும். ஸ்டார்ட் இருக்கும் இடத்தில் 'எனேபிள்' என்று போட்டால், கணினி இயங்கத் தொடங்கும்போதெல்லாம் அதுவும் தானாகவே தொடங்கும்.

அந்த வாயிலை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2017இல் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியது விண்டோஸின் பழைய எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1ஐ இயல்பாகவே அணைத்துவைக்கிறது.

சர்வர் ஓடும்போது 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' என்று கேளுங்கள். யார் இணைந்திருக்கிறார், எந்தக் கோப்பு யார் கையில் திறந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். மறுதொடக்கம் செய்யும் முன் அதைப் பார்த்துவிட்டால், ஒருவர் பாதி எழுதிய கோப்பு அறுபடாது.