பொறி விட்டுப் பொறி பாய்ந்த யூனிக்ஸ்

ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறக்காது. தொடக்ககாலக் கணிப்பொறிகளும் அப்படித்தான். ஒன்றுக்கென எழுதிய ஆணைத்தொடர் வேறு வகைப் பொறியில் ஓடாது. பொறி பழையதானால் உழைப்பும் வீண்!

நினைவகம், தட்டு, அச்சுப்பொறி முதலியவற்றைப் பல வேலைகளுக்கும் பங்கிட்டுத் தருவது இயக்க அமைப்பு. அதன் நடுப்பகுதியே உட்கரு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் பிறந்த யூனிக்ஸின் உட்கருவை, 1973-இல் 'சி' மொழியில் திருத்தி எழுதினார்கள். 'சி' பொறியை அதிகம் சாராத மொழி. அதைப் புதிய பொறியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பி இருந்தால், உட்கருவின் பெரும்பகுதி அப்படியே குடிபெயரும் அல்லவா?

1977-இல் ஆஸ்திரேலியாவின் வல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் இதைச் செய்து காட்டினார். பி.டி.பி-11 பொறியில் ஓடிய யூனிக்ஸை இன்டர்டேட்டா 7/32 பொறிக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தாரும் இன்டர்டேட்டா 8/32-இல் வெற்றி கண்டனர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 258 என்பது 1×256+2. நினைவகத்தில் இதை இன்டர்டேட்டா 1, 2 என வைக்கும், பி.டி.பி-11 தலைகீழாக 2, 1 என வைக்கும். ஒன்று எழுதியதை மற்றொன்று அப்படியே படித்தால் 513 ஆகிவிடும்! இத்தகைய இடங்களையும், சாதனங்களை இயக்கும் பகுதிகளையும் புதிதாக எழுதத்தான் வேண்டும்.

எழுதினால் போதாது, பேணவும் ஆள் வேண்டும். லினக்ஸ் 1991-இல் பிறந்தது இன்டெல் 386 சில்லில். பேணும் சுமை கருதி, அந்தச் சில்லுக்கான ஆதரவையே 2012-இல் நீக்கிவிட்டனர்.

மாணவர்களே, 772-ஐத் தலைமாற்றிப் படித்தால் என்ன எண் வரும்? கணக்கிட்டுப் பாருங்கள்.