சாமியாருக்கு மேலே யார்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளமான சங்கதி. ஏதோ ஓர் ஊர்க் கத்தோலிக்கச் சாமியார் மேல் புகார் என்று செய்தி வந்தால், "மேலிடத்துல சொல்லியாச்சு" என்று யாராவது சொல்வார்கள். அந்த மேலிடம் எது?

அமைப்பு புரிவதற்காக மட்டும் நம் காரைக்கால் மாதா கோயிலையே எடுத்துக்கொள்வோம். இங்கே இருக்கும் பங்குச் சாமியார் புதுச்சேரி-கடலூர் பேராயரின் கீழ் வருகிறார். நாகூர் தாண்டி வேளாங்கண்ணிக்குப் போனால் அது தஞ்சாவூர் ஆயரின், அதாவது பிஷப்பின், எல்லை. அந்த எல்லைக்குத்தான் மறைமாவட்டம் என்று பெயர். மறைமாவட்டச் சாமியார் ஒவ்வொருவரும் ஓர் ஆயரோடு கட்டப்பட்டவர். வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போனாலும் அந்தக் கட்டு அவிழாது, இரவல் போனதாகத்தான் கணக்கு. வேலை வாங்குகிறவர் ஒருவர், உரியவர் இன்னொருவர். புகார் வந்தால் இருவருமே கையை விரிக்க வசதியான ஏற்பாடு.

ஊட்டி மறைமாவட்டத்துச் சாமியார் ஜோசப் பழனிவேல் ஜெயபாலின் கதை இதுதான். 2004-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள குருக்ஸ்டன் மறைமாவட்டத்துக்குப் போனார். அங்கே பதின்வயதுச் சிறுமிகளிடம் பாலியல் அத்துமீறியதாகப் புகார் வந்தபோது ஊர் திரும்பியிருந்தார். குருக்ஸ்டன் ஆயர் வத்திக்கானுக்கு எழுதினார். வத்திக்கான், அவரைக் கண்காணிக்கும்படி ஊட்டிக்குச் சொன்னது. ஊட்டியில் அவருக்குக் கிடைத்த வேலை, மறைமாவட்டப் பள்ளிகளுக்கான அலுவலகத்தில்! அமெரிக்காவில் வழக்கு காத்திருக்க, இங்கே ஆசிரியர் நியமனக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2010-ல் இது உலகச் செய்தியான பிறகுதான் இடைநீக்கம்.

2012-ல் கைது, 2014-ல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு. 2015-ல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் சிறை என்று தீர்ப்பு. காவலில் இருந்த காலமே அதற்குச் சரியாகிவிட, நாடு கடத்தப்பட்டார். 2016-ல் வத்திக்கானைக் கலந்துகொண்டு ஊட்டி ஆயர் இடைநீக்கத்தை நீக்கினார். அதோடு விட்டாரா? மறைமாவட்டக் கல்விக் குழுவின் பொறுப்பையும் கொடுத்தார்.

தண்டனையை அனுபவித்துவிட்டாரே என்பீர்கள். சரி, சிறைக் கணக்கு தீர்ந்தது. அதற்காக மறுபடியும் பள்ளிக்கூடமா? ஒரு மறைமாவட்டத்தில் வேறு மேசையே இல்லையா?

ஆயர் மேலேயே புகார் என்றால் சிக்கல் இன்னும் கூடும். ஜலந்தர் ஆயராக இருந்த ஃபிராங்கோ முலக்கல் மேல் குற்றம் சாட்டிய கேரளக் கன்னியாஸ்திரீயின் சபை, அந்த ஆயரின் அதிகாரத்துக்குட்பட்டது. அந்தக் கன்னியாஸ்திரீ முதலில் திருச்சபைப் பெரியவர்களுக்குத்தான் எழுதிப் பார்த்தார். போலீசுக்குப் போனது 2018 ஜூனில். உடன் இருந்த சகோதரிகள் கொச்சியில் சாலையோரம் உட்கார்ந்து போராடிய பிறகே செப்டம்பரில் கைது நடந்தது. 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் ஆயரை விடுதலை செய்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு போயிருக்கிறது. 2023-ல் அவர் பதவி விலகினார். குற்றம் நடந்ததா என்பது நீதிமன்றத்தின் பாடு. புகாரை எங்கே கொடுப்பது என்று ஒரு பெண் அத்தனை காலம் அலைந்தது நம் பாடு.

2019-ல் போப் பிரான்சிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மறைமாவட்டந்தோறும் புகார் வாங்க வழி இருக்க வேண்டும், ஆயர்கள் மேலும் விசாரணை உண்டு என்கிறது அது. நல்லதுதான். ஆனால் விசாரிப்பவரும் திருச்சபைக்காரர்தானே.

குழந்தைகள் விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் சுற்றி வளைப்பதில்லை. 2012-ன் போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். ஆயரும் சரி, உபதேசியாரும் சரி, கோயில் பிள்ளையும் சரி. பாவசங்கீர்த்தனத்துக்கும் அதில் விலக்கு எழுதப்படவில்லை. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. காரைக்கால்-தமிழ்நாடு எல்லையிலுள்ள வாஞ்சூர் சோதனைச்சாவடியைத் தாண்டினால் சரக்கு விலை மாறும், போக்சோ மாறாது.

ஆகவே குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் முதலில் 1098-க்கு அடியுங்கள், அல்லது நேரே ஸ்டேஷனுக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆயர் இல்லத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்றால், அந்த நகலையே ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பலாம்.