ஸ்டீராய்டுக்கு அசையாத கினிப் பன்றி

வெயிலில் நெடுந்தூரம் லாரியில் வந்த மாடு, கன்றைப் பிரிந்த பசு ஆகியவற்றின் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. சிறுநீரகத்தை ஒட்டி இருக்கும் அட்ரீனல் சுரப்பி இதைச் சுரக்கிறது. சற்று நேரம் கூடினால் நல்லதுதான். ரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி ஆபத்தைச் சமாளிக்க உதவும். நாள்கணக்கில் கூடியே இருந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்.

ஆனால் கார்டிசால் எப்போதும் மிகுந்திருந்தும் அதனால் கேடு இல்லாமல் வாழும் பிராணி ஒன்று உண்டு. அதுதான் கினிப் பன்றி. பெயரில்தான் பன்றி, உண்மையில் எலியைப் போலக் கொறிக்கும் இனம். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைக் கிராமங்களில் அடுக்களையிலேயே தழை போட்டு இறைச்சிக்காக வளர்க்கிறார்கள்.

ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் தைமஸ் சுரப்பி சுருங்கும், வெள்ளணுக்கள் சரியும். கினிப் பன்றி அவ்வளவு எளிதில் அசைவதில்லை. காரணம் ரத்தத்தில் இல்லை, செல்லுக்குள் இருக்கிறது.

ஹார்மோனைச் சாவி என்றால், செல்லுக்குள் அதற்கொரு பூட்டு உண்டு. அது ஏற்பி என்ற புரதம். சாவி பொருந்தியதும் ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் போய், மரபணுக்களில் சிலவற்றை முடுக்கும், சிலவற்றை அடக்கும். கினிப் பன்றியின் ஏற்பியில், ஹார்மோன் வந்து உட்காரும் பகுதியில் சில அமினோ அமிலங்கள் மற்ற பிராணிகளிலிருந்து மாறுபட்டுள்ளன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1994இல் இதை வெளியிட்டனர். இதனால் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. ஹார்மோன் போதவில்லை என்றே மூளை எண்ணி, மேலும் சுரக்கச் சொல்லி அட்ரீனலை ஏவிக்கொண்டே இருக்கும். உடலளவுக்கு அதன் அட்ரீனல் பெரிதாக இருப்பது இதனால்தான். வட அமெரிக்கப் புல்வெளியில் வாழும் வோல் என்ற எலியினத்திலும் இதே நிலை: ஹார்மோன் ஏராளம், பிடிப்பு குறைவு.

ஆக, ரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணை மட்டும் வைத்து ஒரு பிராணி எவ்வளவு அவதிப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பிராணி தாங்கிய மருந்தளவை இன்னொன்றுக்குப் பொருத்துவதும் தவறு.

நம் மாட்டின் பூட்டு இப்படித் தளர்ந்ததல்ல. காய்ச்சலோ வீக்கமோ கண்டதும், மருந்துக் கடையில் கேட்டு டெக்சாமெத்தசோன் வாங்கிப் போடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மாடு அன்று மாலையே எழுந்து தீவனம் தின்னும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே நோய் எதிர்ப்பு அடங்கிக் கிடக்கும், பாலும் குறையலாம். நிறைமாதச் சினையில் இன்னும் ஆபத்து. வயிற்றுக் கன்றின் கார்டிசால் உயர்வதுதான் பிரசவத்தைத் தொடங்கி வைப்பது. ஊசி அதே சைகையை முன்கூட்டியே கொடுத்துவிடுவதால், இரண்டு மூன்று நாளில் கன்று விழுந்துவிடும். நஞ்சுக்கொடி தங்குவதும் உண்டு.

கால்நடை மருத்துவர் வந்ததும் சினை ஊசி போட்ட தேதியை முதலில் சொல்லிவிடுங்கள். தடுப்பூசி போடும் நாள் நெருங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.